விலக்கு இல்லாத சட்டம்

786

தாராவி, பம்பாய்-17
26.8.1986

மச்சான் இனாயத்துல்லாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். தாதர் எக்ஸ்பிரஸ் ஐந்து மணி நேரம் தாமதம். உடம்புக்கு ஒன்றுமில்லை, சாப்பாடு இறங்குகிறது. மாமாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா? மாமியின் முழங்கால் எப்படி? உன் ஐஸ் ஃபாக்டரி கம்ப்ரஸருக்கு நான் சொன்ன பெல்ட்டை மாற்றினாயா?

வந்த மறுநாளே வேலைக்குப் போய்விட்டேன். மாட்டுங்காவில் இரண்டு லிஃப்ட், செம்பூரில் ஒன்று, மழையில் நின்றுபோய்க் கிடந்தன. புருஷனை இழந்த பெண்ணுக்கு நாலு மாதம் பத்து நாள் இத்தா இருக்கிறது. ஒரு மூலையில் உட்கார்ந்துகொள்ளலாம், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். ஆணுக்கு அப்படி ஒரு மூலையை யாரும் ஒதுக்கவில்லை. அதனால் லிஃப்ட் கிணற்றுக்குள் இறங்கிக் கிரீஸ் தடவுகிறேன். அங்கும் யாரும் எதுவும் கேட்பதில்லை.

உன் தங்கை போய் இன்றோடு ஐம்பத்தைந்து நாள். பள்ளிவாசல் காசிம் பாய் நேற்று ரூமுக்கு வந்தார். "அல்லாட நாட்டம் தம்பி, நம்ம கையில என்ன இருக்கு" என்றார். ஊரில் நாற்பதாம் ஃபாத்திஹாவுக்கு வந்தவர்கள் அத்தனை பேரும் இதையேதான் சொன்னார்கள். அப்போது தலையாட்டினேன். இனி ஆட்டப் போவதில்லை. மழைக்காலம், குளிக்கிற மோரியில் ஈரம், இரும்பு வாளி, தண்ணீர் சுட வைக்கும் ராடு, இருநூற்று முப்பது வோல்ட். நீயும் நானும் ஒரே பாலிடெக்னிக்கில் படித்தவர்கள். இந்தக் கணக்கில் நாட்டம் என்று எந்த இடத்தில் எழுதுவாய்?

நான் இறை மறுப்பாளன் ஆகிவிட்டேன் என்று பயப்படாதே. முன்பைவிட இப்போதுதான் எனக்கு அவன் தெளிவாகத் தெரிகிறான். பிறகு எழுதுகிறேன்.

வீட்டில் எல்லோருக்கும் ஸலாம் சொல்.

கரீம் பாட்சா

-

காயல்பட்டினம்
14.9.1986

மாப்பிள்ளை கரீம் பாட்சாவுக்கு, வ அலைக்கும் ஸலாம்.

வாப்பாவுக்குச் சர்க்கரை இருக்கிறது, கட்டுப்பாடுதான் இல்லை. நெய்ச் சோறு எந்த வீட்டில் இருந்தாலும் மோப்பம் பிடித்துவிடுகிறார். உம்மாவின் முழங்கால் மழை வந்தால் வலிக்கிறது, இங்கே மழையே இல்லை, அதனால் சுகம். பெல்ட் மாற்றிவிட்டேன். ஃபாக்டரி இப்போது ஒழுங்காக ஓடுகிறது. மீன்தான் கரைக்கு வர மறுக்கிறது.

உன் கடிதத்தை வாப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். நாட்டம் எங்கே என்று நீ கேட்ட இடம் வந்ததும் எனக்கு நல்ல இருமல் வந்தது. இருமி முடிக்கும்போது ஸலாம் சொல்லும் வரிக்கு வந்திருந்தேன். வாப்பா ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

பிள்ளை நஸீரா நன்றாக இருக்கிறாள். உம்மாவுக்கு இந்தி கற்றுக் கொடுக்கிறாள். "பானி" என்று கேட்டால்தான் தம்ளரை எடுத்துத் தருவாள். பெருமழைக்கு ஏங்கும் ஊரில் இந்தப் பிள்ளை மட்டும் தூரத்தில் இடிச் சத்தம் கேட்டால் ஓடிப் போய்க் கட்டிலில் ஏறிக்கொள்கிறது. நேற்று என்னைக் கேட்டாள்: "மாமா, வாப்பா லிஃப்டுல வருவாங்களா?" ஊரில் லிஃப்ட் இல்லை, ரயிலில்தான் வருவாங்க என்றேன். எப்போ என்றாள். உன்னைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

நாற்பதாம் நாள் நீ வாப்பாவிடம் சொன்னதை நான் மறக்கவில்லை. "மூணு மாசம் டைம் குடுங்க மாமா. ரூமை ஒழுங்கு பண்ணிட்டு வந்து புள்ளையக் கூட்டிட்டுப் போறேன்." வாப்பா அப்போது வாய் திறக்கவில்லை. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதே. நம் ஊர் வழக்கம் உனக்குத் தெரியும். பெண் பிள்ளை உம்மா வீட்டுச் சொத்து. ஆம்பிளைகள் நாம்தான் கல்யாணத்துக்குப் பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண்டாட்டி வீட்டுக்குப் போகிறவர்கள். வழக்கத்தை மீறி என் தங்கை ஹபீபாவைப் பம்பாய்க்கு அனுப்பச் சொல்லி வாப்பாவின் காலைப் பிடித்தவன் நான். இப்போது பேத்தியை இரண்டாவது முறை அனுப்பு என்று கேட்க எனக்கு வாய் வேண்டும். நீ வந்து பக்கத்தில் நின்றால் கேட்பேன். அவள் பம்பாயில் படிக்க வேண்டும் என்பது ஹபீபாவின் ஆசை. அதை நான் விடுவதாக இல்லை.

தேதி எழுது. நேரத்துக்குச் சாப்பிடு.

இனாயத்துல்லா

-

தாராவி
20.10.1986

அன்புள்ள மச்சான், ஸலாம்.

பதிலுக்கு நாளாகிவிட்டது. ஆயுத பூஜை வந்தால் எங்கள் தொழிலில் மூச்சு விட நேரம் இருக்காது. பூஜைக்கு லிஃப்ட் ஓட வேண்டும் என்று எல்லாக் கட்டடத்திலிருந்தும் ஆள் வந்துவிடுவார்கள். மாமாவும் மாமியும் சுகமா? நான் ஊரில் இருந்தபோது உன் மனைவிக்குப் பல்வலி இருந்ததே, குறைந்ததா?

மாட்டுங்காவில் நாணு மாமா என்று ஒருவர், பாலக்காட்டுக்காரர், ரயில்வே ஆபீஸில் இருந்து ரிடையர் ஆனவர். லிஃப்ட் கதவுக்குச் சந்தனம், குங்குமம், எலுமிச்சம்பழம் எல்லாம் வைத்துவிட்டு என்னைப் பிடித்துக்கொண்டார். "இருபது வருஷமா ஒரு தடவை விழுந்ததில்லை கரீம். பகவான் கிருபை."

"எதிர்ப்பக்கம் இரும்பு எடை தொங்குது மாமா."

"அந்த எடையை யாருடா தொங்கவிட்டா?"

"எங்க கம்பெனி."

"கம்பெனிக்கு யாருடா புத்தியைக் குடுத்தா?"

"ஓவர்லோட் ஆயிடுச்சு மாமா. ஒருத்தர் இறங்கணும்" என்றேன். சிரித்துக்கொண்டே அவரே இறங்கினார். நாலு மாடி நடந்தார், பாவம்.

அவர் போன பிறகு உள்ளே நின்று யோசித்தேன். அவர் பாதி சரி. கம்பெனி எடையைத் தொங்கவிட்டது, ஆனால் எடை கீழே இழுக்கும் என்பதைக் கம்பெனி உண்டாக்கவில்லை. அது வானமும் பூமியும் உண்டான நாளிலிருந்து இருக்கிறது. கோவண்டிக் குடிசையில் கைதவறிய தம்ளரும் முலுண்ட் ஃபிளாட்டில் கைதவறிய தம்ளரும் ஒரே வேகத்தில் விழுகின்றன. சேட்டுக்கு ஒரு நொடி தாமதமாக விழுவதில்லை. ஹாஜியாருக்கு விழாமல் நிற்பதில்லை. இந்த உலகத்தில் யாரிடமும் லஞ்சம் வாங்காத, யாருக்கும் முகம் பார்க்காத ஒரு நீதி இருக்கிறது என்றால் அது இதுதான். நான் அதைத்தான் அல்லாஹ் என்கிறேன். மேகத்துக்கு மேலே உட்கார்ந்து இவனை வைத்துக்கொள்வோம், இவளை எடுத்துக்கொள்வோம் என்று பொறுக்குகிறவன் இல்லை அவன். மாறாத சட்டமே அவன். ஒவ்வொரு ஸ்விட்சிலும் ஒவ்வொரு கயிற்றிலும் அவன் இருக்கிறான். என் வேலையே அவனைப் பார்ப்பதுதான். இதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை.

மாமாவுக்கு இதைப் படிக்கும்போது இருமிக்கொள்.

கரீம்

-

காயல்பட்டினம்
9.11.1986

மாப்பிள்ளைக்கு ஸலாம். எல்லோரும் நலம். என் வீட்டில் அந்தப் பல்லைப் பிடுங்கியாகிவிட்டது. இப்போது அந்தப் பக்கம் வலிக்காமல் திட்டுகிறாள்.

வாப்பாவிடம் இந்தத் தடவை இருமவில்லை, கடிதமே வரவில்லை என்று சொல்லிவிட்டேன். பொய். அல்லாஹ் மன்னிக்கட்டும். உன் அல்லாஹ் மன்னிக்க மாட்டான், அவன் சட்டம்.

எனக்கும் தெர்மோடைனமிக்ஸ் தெரியும் மாப்பிள்ளை. பரீட்சையில் உனக்குப் பேப்பரைக் காட்டியவனே நான்தான். அம்மோனியா அழுத்தம் கூடினால் என்ன ஆகும், தண்ணீர் எப்போது உறையும் எல்லாம் எழுதி வைத்தாற்போல் நடக்கிறது. எழுதி வைத்தவன் ஒருவன் இருக்கிறான் என்று நான் சொல்கிறேன். எழுத்தையே நீ அவன் என்கிறாய். உன் கடிதமும் நீயும் ஒன்றா? கடிதம் வந்தால் கரீம் வந்துவிட்டான் என்று நான் நஸீராவிடம் சொல்ல முடியுமா?

இன்னொன்று. சட்டத்துக்குக் காது கிடையாது. பசிக்கிறது என்று சொன்னால் அதற்குக் கேட்காது. காது இல்லாத ஒன்றின் முன்னால் மனிதன் எப்படி ஐந்து வேளை நிற்பான்?

நீ கேட்ட மூன்று மாதம் நாளையோடு முடிகிறது. உன் இரண்டு கடிதத்தையும் எடுத்து வைத்துப் பார்த்தேன். வாப்பாவின் சர்க்கரையைக் கேட்டிருக்கிறாய், உம்மாவின் முழங்காலை, என் பெண்டாட்டியின் பல்லை, கம்ப்ரஸர் பெல்ட்டைக்கூடக் கேட்டிருக்கிறாய். பெற்ற பிள்ளையைப் பற்றி ஒரு வரி இல்லை. அவள் பெயரைக்கூட எழுதவில்லை. மறதி என்று வைத்துக்கொள்ள முயற்சி செய்தேன், முடியவில்லை.

இனாயத்துல்லா

-

தாராவி
7.12.1986

அன்புள்ள மச்சான், ஸலாம். நலம். அங்கும் அப்படியே இருக்க வேண்டும்.

கடிதமும் நானும் ஒன்றா என்று கேட்டாய். எழுதியவனை நான் பார்த்ததில்லை, நீயும் பார்த்ததில்லை. கையெழுத்தை மட்டும் தினமும் பார்க்கிறேன். ஒரு நாளும் அது மாறியதில்லை. எனக்கு அது போதும்.

நான் தொழுகிறேன். ஜும்ஆவுக்கு ஒரு வாரமும் தவறவில்லை. துஆ மட்டும் கேட்பதில்லை. எல்லோரும் கை ஏந்தும்போது நானும் ஏந்துகிறேன், எதுவும் கேட்காமல் நிற்கிறேன். பெரியதின் முன்னால் பெரியது என்று ஒத்துக்கொண்டு நிற்பது தொழுகை. எனக்காகச் சட்டத்தை வளை என்று கேட்பது சிபாரிசு. காசிம் பாய் இதைக் கண்டுபிடித்துவிட்டார். "ஒதடே அசையலியே தம்பி. வெறுங்கையை நீட்டிக்கிட்டு நின்னா கை வலிக்கும்லா" என்றார். வலிக்கத்தான் செய்கிறது என்று சொன்னேன்.

கம்பெனியில் சம்பளம் கூட்டியிருக்கிறார்கள். வீட்டுச் செலவுக்கு அனுப்புகிறேன்.

மாமா மாமிக்கு ஸலாம்.

கரீம்

-

காயல்பட்டினம்
25.1.1987

கரீமுக்கு, ஸலாம்.

நடுவில் இரண்டு கடிதம் போட்டேன். பதில் இல்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று எழுதிய கடிதத்துக்கும் பதில் இல்லை. ஆறு நாள் காய்ச்சல். உம்மா தர்காவுக்கு நேர்ச்சை வைத்தாள், நான் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். இறங்கிவிட்டது. ஊசியால் இறங்கியதா நேர்ச்சையால் இறங்கியதா என்று நீ கடிதம் எழுதுவாய். அந்த ஆறு நாளில் அந்தக் கேள்வி எங்கள் யாருக்கும் வரவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வாப்பா முடிவெடுத்துவிட்டார். பெருநாள் கழிந்ததும் ஜூனில் அவளை இங்கே பள்ளிக்கூடத்தில் சேர்க்கிறார். காப்பாளர் என்று தன் பெயரைப் போடப் போகிறார். பிள்ளையை இந்த வீட்டுக்கே ஒப்படைக்கிறேன், இனி கேட்டு வர மாட்டேன் என்று நீ ஒரு தாளில் கையெழுத்துப் போட்டு, ஜமாஅத்தில் இரண்டு பேர் சாட்சி போட வேண்டுமாம். நான் சண்டை போட்டேன். "வாறேன்னு சொன்னவன் வரல. புள்ளைக்கி ஒரு ஆளு வேணும்லா" என்றார். 

நோன்பு ஆரம்பிக்கும் முன் நீ வந்தால் தாளுக்கு வேலை இல்லை. வராவிட்டால் தாள் உன்னிடம் வரும். இரண்டில் எது என்று எழுது. அல்லாஹ் யார் என்பதை அடுத்த கடிதத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

இனாயத்துல்லா

-

தாராவி
6.2.1987

மச்சானுக்கு ஸலாம்.

மாமா முடிவு சரி. தாளை அனுப்பு. கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

கோபப்படாமல் படி. அந்த வீட்டில் எனக்கு இருந்த ஒரே உரிமை ஹபீபா. அவள் இல்லாத வீட்டில் நான் விருந்தாளி. பிள்ளை உங்கள் வழக்கப்படி உங்கள் வீட்டுப் பிள்ளை. அங்கே காற்றும் வெளிச்சமும் உண்டு, தூக்கிக்கொண்டு ஓட நீ இருக்கிறாய். இங்கே ஒற்றை ரூம், ஒரு மோரி, பகல் முழுக்கப் பூட்டு. எந்தச் சூழ்நிலையில் ஒரு உயிர் பத்திரமாக இருக்கும் என்பதும் சட்டம்தான். அதைப் பார்த்துத்தான் சொல்கிறேன். இதில் என் ஆசைக்கு இடம் இல்லை.

எல்லோருக்கும் ஸலாம்.

கரீம்

-

காயல்பட்டினம்
19.2.1987

கரீம்,

தாள் எழுதியாகிவிட்டது. என் சட்டைப் பையில் இருக்கிறது. அனுப்பவில்லை.

மகள் கல்யாணத்துக்குக் காசிம் பாய் ஊருக்கு வந்திருக்கிறார். நேற்று வீட்டுக்கு வந்தார். வாப்பா முன்னால் உன்னைப் புகழ்ந்து தள்ளினார். போன மழையில் உங்கள் பள்ளிவாசல் மோட்டாரில் கரண்ட் கசிந்து, தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளு செய்கிறவர்களுக்குக் குழாயில் கை வைத்தால் சுள்ளென்று அடித்ததாம். "மருமவன் ஒரு நாயித்துக்கெழம பூரா நின்னு, வீட்டுக்கு வாங்கி வச்சிருந்த எர்த் வயரைக் கொண்டாந்து போட்டுக் குடுத்தாரு. அஞ்சு பைசா வாங்கல. அல்லா அவருக்குக் கூலி குடுப்பான்" என்றார். வாப்பா கண் கலங்கிவிட்டார்.

அது எந்த ஞாயிற்றுக்கிழமை என்று காசிம் பாயிடம் கேட்டேன். போன வருடப் பெருநாள் முடிந்து மூன்றாவது வாரம் என்றார். நான் காலண்டரை எடுத்துப் பார்த்தேன். ஹபீபா புதன்கிழமை போனாள்.

இன்று முழுவதும் ஃபாக்டரியில் உட்கார்ந்திருந்தேன். நான் எதையும் கேட்கவில்லை. வாப்பாவுக்குக் கரண்ட் தெரியாது, எனக்குத் தெரியும். நீயே எழுது.

இனாயத்துல்லா

-

தாராவி
4.3.1987

மச்சான் இனாயத்துல்லாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

இந்தக் கடிதத்தில் யாருடைய நலமும் கேட்க எனக்குத் தகுதி இருக்கிறதா என்று தெரியவில்லை. எல்லோரும் நலமாக இருக்க வேண்டும்.

எங்கள் ரூமில் டூ-பின் லைன்தான். கசியும் கரண்டைத் தரைக்கு இறக்கும் எர்த் கிடையாது. இங்கே பெரும்பாலும் அப்படித்தான். ஜூன் மாதம் மழை தொடங்கிய பிறகு ஹபீபா ஒரு நாள் சொன்னாள்: "ராடு போட்ட வாளியத் தொட்டா எறும்பு ஊருத மாரி இருக்கு." நான் ராடைப் பார்த்தேன். உறையில் மயிர் அளவு வெடிப்பு. புது ராடு வாங்க வேண்டும், எர்த் இழுக்க வேண்டும். எலெக்ட்ரிகல் படித்தவனுக்கு இது முதல் வருடப் பாடம். எலெக்ட்ரிக் கடைகள் உள்ள லோஹார் சாலுக்குப் போய் எர்த் வயர் வாங்கி வந்தேன். ராடு அடுத்த மாதம் வாங்கிக்கொள்ளலாம், ஞாயிற்றுக்கிழமை எர்த்தைப் போட்டுவிட்டால் போதும் என்று நினைத்தேன். "அதுவரைக்கும் சுவிட்ச அணைச்சிட்டு வாளியத் தொடு" என்று சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் காசிம் பாய் ஆள் அனுப்பினார். போய்ப் பார்த்தேன். முந்நூறு பேர் ஒளு செய்கிற இடம். மோட்டாரை நிறுத்தினால் தண்ணீர் இல்லை, ஓடினால் ஆபத்து. கடை எல்லாம் மூடியிருந்தது. ரூமுக்கு ஓடி வந்து வயர்ச் சுருளை எடுத்தேன். ஹபீபா பார்த்தாள். "நம்ம வீட்டுக்கு?" என்றாள்.

"பள்ளிவாசல் வேலை. நமக்கு அடுத்த வாரம்" என்றேன்.

அவளுக்குச் சந்தோஷம்தான். "அல்லாட வீட்டுக்குப் போட்டா நம்ம வீட்ட அவன் பாத்துக்கிடுவான்" என்றாள். நானும் அப்படித்தான் நினைத்தேன் மச்சான். படித்தவன், லைசென்ஸ் வைத்திருக்கிறவன், அந்த நேரத்தில் அப்படித்தான் நினைத்தேன். திங்கட்கிழமை கடை திறந்திருந்தது. போகவில்லை. செவ்வாய்க்கிழமை செம்பூரிலிருந்து திரும்பும்போது மழை, போகவில்லை. அவன் பார்த்துக்கொள்வான் என்று எனக்குள் ஒரு தைரியம் உட்கார்ந்திருந்தது. புதன்கிழமை காலை நான் வேலைக்குப் போன பிறகு அவள் சுவிட்சை அணைக்க மறந்திருக்கிறாள்.

அன்றிலிருந்து ஒவ்வொருவரும் வந்து அல்லாஹ்வின் நாட்டம் என்றார்கள். ஒவ்வொருவரும் எனக்கு விடுதலை எழுதிக் கொடுத்துவிட்டு என் குற்றத்தைத் தூக்கி அவன் தலையில் வைத்தார்கள். தன் வீட்டுக்கு வயர் கொடுத்தவனின் வீட்டில் மூன்றாம் நாள் உயிரை எடுக்கிறவன் என்றால் அவன் யார்? அப்படி ஒருவனை என்னால் தொழ முடியாது. அவன் அப்படிப்பட்டவன் இல்லை என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். அவன் நாடவில்லை. அவன் சட்டம் பள்ளிவாசலிலும் என் மோரியிலும் ஒன்றுபோல் நடந்தது. அங்கே முந்நூறு பேரைக் காத்ததும் அதுதான், இங்கே அவளைக் கொன்றதும் அதுதான். வித்தியாசம் நான் வயர் போட்ட இடமும் போடாத இடமும். நான் இத்தனை நாளாக எழுதியதெல்லாம் அறிவு காட்டுவதற்காக இல்லை. அவன் மேல் பழி விழக் கூடாது என்பதற்காக.

நஸீரா கேட்டால் எந்த முகத்தோடு பதில் சொல்வேன் என்று நினைத்தால் அவள் பெயரை எழுதக் கை வரவில்லை. இப்போது எழுதிவிட்டேன்.

மாமாவிடமும் மாமியிடமும் இருமாமல் படித்துக் காட்டு. தாளை அனுப்பு.

கரீம் பாட்சா

-

காயல்பட்டினம்
8.4.1987

கரீமுக்கு,

ஸலாம் சொல்லக் கடமை இருக்கிறது, சொல்கிறேன். அஸ்ஸலாமு அலைக்கும்.

ஒரு மாதமாக உனக்கு எழுதப் பேனா எடுத்துப் பேனா வைத்தேன். உன்னை அடிக்க வேண்டும் என்று இருந்தது. திங்கட்கிழமை கடை திறந்திருந்தது என்று எழுதினாய் பார், அந்த வரியை என்னால் தாண்ட முடியவில்லை. வேறு யாராவது என்றால் அதை விட்டுவிட்டு எழுதியிருப்பான்.

வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் முழுக்கப் படித்துக் காட்டினேன். எர்த் என்றால் என்ன என்று வாப்பாவுக்குப் படம் போட்டு விளக்க வேண்டியிருந்தது. புரிந்ததும் எழுந்து போய்விட்டார். மாலை அஸர் தொழுகைக்குப் போனவர் இரவு இஷாவுக்குப் பிறகுதான் வந்தார். வந்ததும் ஒன்றே ஒன்று கேட்டார். "அந்தப் பள்ளியில மோட்டார் இப்பவும் ஓடுதா?"

ஓடுகிறது என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் படுத்துவிட்டார்.

உம்மா மூன்று நாள் அழுதாள். நாலாம் நாள் என்னைக் கூப்பிட்டாள். "அவன வரச் சொல்லு. வந்து புள்ளயக் கூட்டிட்டுப் போவட்டும்."

"எப்படிம்மா அவன நம்பிக் குடுக்க?" என்று நான்தான் கேட்டேன். வாதாடிக்கொண்டிருந்த நானே கேட்டேன் பார்.

"இனிமே அந்த விசயத்துல தப்பு செய்யாத ஆம்பள இந்த ஊருலயே அவன் ஒருத்தந்தான்" என்றாள். பிறகு, "அவள மறக்காத ஆளுகிட்டதான் புள்ள வளரணும்" என்றாள்.

வாப்பா இன்னும் சரி என்று சொல்லவில்லை. தாளை என் பையிலிருந்து வாங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொண்டார். நோன்புக்கு முன் நீ வந்தால் பெட்டியைத் திறக்க மாட்டார் என்று நினைக்கிறேன். நினைக்கிறேன், அவ்வளவுதான்.

நாட்டம் என்று நாங்கள் சொன்னது உனக்கு எப்படிக் கேட்டிருக்கும் என்று இப்போது புரிகிறது. இருந்தாலும் உன் சட்டத்தை நான் ஏற்கவில்லை மாப்பிள்ளை. உன் சட்டம் நேர்மையானது, சரி. அது யாரையும் மன்னிக்காது, யாருக்கும் மன்னிக்கும் மனசைக் கொடுக்காது. நான் உன்னை மன்னிக்க வேண்டும். என்னால் தனியாக முடியவில்லை. ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் கை ஏந்தி அதைத்தான் கேட்கிறேன். இன்னும் கிடைக்கவில்லை. கேட்பதை நிறுத்த மாட்டேன். கேட்க ஒருவன் இல்லாமல் இருந்திருந்தால் இந்தக் கடிதமே எழுதியிருக்க மாட்டேன்.

ஸ்டேஷனுக்கு வருவேன். பேசுவேன் என்று எதிர்பார்க்காதே.

இனாயத்துல்லா

-

செம்பூர், பம்பாய்-71
14.4.1987

அன்புள்ள மச்சான் இனாயத்துல்லாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

மாமா மாமியின் காலைத் தொட்டு ஸலாம் சொல்ல நேரில் வருகிறேன். இருபத்து மூன்றாம் தேதி தாதர் எக்ஸ்பிரஸில் இடம் கிடைத்திருக்கிறது. மெட்ராஸில் மாறி நெல்லை எக்ஸ்பிரஸ், பிறகு திருச்செந்தூர் வண்டி. இருபத்தாறாம் தேதி அங்கே இருப்பேன். நோன்புக்கு நாலு நாள் இருக்கும். திரும்பி வர எனக்கு மட்டும்தான் டிக்கெட் எடுத்திருக்கிறேன். நஸீராவுக்கு ஐந்து வயது ஆகவில்லை, மடியில் உட்காரலாம்.

மேலே விலாசம் மாறியிருப்பதைப் பார்த்திருப்பாய். தாராவி ரூமை விட்டுவிட்டேன். கம்பெனி சூப்பர்வைசரிடம் கேட்டு, செம்பூரில் ஒரு கட்டடத்தில் கீழ்த்தளத்தில் இடம் வாங்கினேன். அந்தக் கட்டடத்து லிஃப்டும் என் பொறுப்பு, அதனால் பகலில் அடிக்கடி வந்து போகலாம். பக்கத்து வீட்டில் பேகம் என்று ஒரு அம்மா, மேலப்பாளையத்துக்காரர், மூன்று பிள்ளைகள். நஸீராவைப் பகலில் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். அவரிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கேட்டுவிட்டு, "புள்ளைக்கி சோத்துல காரம் போடலாமா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. போன வருடம் காரம் சாப்பிட மாட்டாள். இப்போது சாப்பிடுகிறாளா? இரவில் விளக்கு வேண்டுமா? காய்ச்சலுக்கு எந்த மருந்து ஒத்துக்கொண்டது? எழுத நேரம் இல்லை என்றால் யாரிடமாவது சொல்லி வை, வந்ததும் கேட்டுக்கொள்கிறேன்.

என் எண்ணம் மாறவில்லை. அவன் சட்டம்தான், முகம் பார்க்காத சட்டம். அதில் நான் உறுதியாக இருக்கிறேன். ஆனால் மன்னிக்கும் மனசைச் சட்டம் கொடுக்காது என்று எழுதினாய். அதற்குப் பதிலை நாலு தடவை எழுதி நாலு தடவை கிழித்தேன். நீ கேட்டுக்கொண்டே இரு. அதை வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. உனக்குக் கிடைக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அப்படி நினைப்பதற்கு என்ன பெயர் என்று நீ சொல்லாதே, எனக்குத் தெரியும்.

ஸ்டேஷனில் நீ பேச வேண்டாம். பெட்டியை நான் தூக்கிக்கொள்கிறேன். ஒரே ஒரு உதவி. அவளை ஸ்டேஷனுக்குக் கூட்டி வராதே, வீட்டில் இருக்கட்டும். எட்டு மாதம் ஆகிவிட்டது. நான் வாசலில் வந்து நிற்கும்போது, இது யார் என்று அவள் கேட்டால் வீட்டில் யாரும் பதில் சொல்லக் கூடாது.

நான் சொல்கிறேன்.

கரீம் பாட்சா